ரசீது உள்ளவருக்கு மட்டும்தான் ராகமா?

(பிள்ளைகளின் இசை வகுப்புக் கட்டணத்திற்கு அரசு வரிச் சலுகை வழங்க வேண்டுமா என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில், கிள்ளானைச் சேர்ந்த வரிக் கணக்காளர் ஒருவர் ஆற்றிய உரை. நேரமின்மையால் ஒளிபரப்பில் விடுபட்ட பகுதிகளும் இங்கே சேர்க்கப்பட்டுள்ளன.)



எனக்கு முன் பேசிய நண்பர் இசையாசிரியர். இசை வகுப்புக்கு வரிச் சலுகை வேண்டும் என்று அழகாக வாதாடினார். நானும் கை தட்டினேன். ஆனால் நான் உட்கார்ந்திருப்பது எதிர்ப்பக்கம். இத்தனைக்கும் என் பிழைப்பே பிறருக்கு வரிச் சலுகை தேடிக் கொடுப்பதுதான். மார்ச், ஏப்ரல் வந்துவிட்டால் எங்கள் வீட்டு முன்னறையில் நாற்காலி போதாது. இஏ பாரத்தையும் ரசீதுக் கட்டையும் தூக்கிக் கொண்டு வருவார்கள். "இதுக்கு உண்டா, அதுக்கு உண்டா" என்று ஒவ்வொரு ரசீதாக எடுத்து வைப்பார்கள். மகளின் பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு மண்டபம் எடுத்த ரசீதைக் கூட ஒருவர் கொண்டு வந்தார். சாப்பாட்டுச் செலவு தனி ரசீது. நான் சிரிக்கவில்லை. அவர் கொட்டிய பணத்திற்கு அந்த ஆசை நியாயம்தான்.

என் தொழிலுக்குக் கேடு என்று தெரிந்தும் ஏன் மறுப்பாகப் பேச வந்தேன் என்பதற்கு ஒரு 555 புத்தகம் காரணம். நம் ஊரில் மளிகைக் கடைக் கடன் எழுதும் அந்தச் சின்னப் புத்தகம்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தம்பி வந்தார். கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறார். மாதம் 3,000 ரிங்கிட் சம்பளம். மனைவி வீட்டில் இருக்கிறார், இரண்டு பிள்ளைகள். வீட்டுக் கடனுக்கு வங்கி வரிப் பாரம் கேட்டதால்தான் வந்தார். எல்லாம் எழுதி முடித்த பிறகு சட்டைப் பையிலிருந்து அந்த 555 புத்தகத்தை எடுத்தார். பக்கத்துக்குப் பக்கம் தேதி, 100 வெள்ளி, கீழே ஒரு கையெழுத்து. நான்காம் ஆண்டு படிக்கும் மகள் தாமானில் ஓர் அம்மாவிடம் வயலின் கற்றுக் கொள்கிறாளாம். அந்த அம்மாவிடம் ரசீதுப் புத்தகம் கிடையாது. இவர்தான் விடாப்பிடியாகப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கி வைத்திருக்கிறார்.

"அக்கா, இதுக்கு ஏதாச்சும் கழிவு உண்டா?"

"தம்பி, உண்டென்றாலும் உங்களுக்குப் பூஜ்யம்தான்" என்று சொல்ல வேண்டியதாகி விட்டது. அவருக்குப் புரியவில்லை. உங்களில் பலருக்கும் புரியாது என்பதால் அந்தக் கணக்கை இங்கே போட்டுக் காட்டுகிறேன். தயவு செய்து அலைவரிசையை மாற்றி விடாதீர்கள்.

மாதம் 3,000 என்றால் ஆண்டுக்கு 36,000. தனிநபர் கழிவு 9,000. ஊழியர் சேமநிதிக்குப் போகும் 11 விழுக்காடு 3,960. இரண்டு பிள்ளைகளுக்குத் தலா 2,000. மனைவிக்கான கழிவைச் சேர்க்காமலே மிஞ்சுவது 19,040. இன்றைய விகிதத்தில் முதல் 5,000-க்கு வரி இல்லை, மீதிக்கு 1 விழுக்காடு. வரி 140 ரிங்கிட் 40 காசு. வரிக்குரிய வருமானம் 35,000-க்கு மேல் போகாதவருக்கு 400 ரிங்கிட் தள்ளுபடி உண்டு. ஆக வரியே இல்லை. தள்ளுபடியில் மிச்சம் இருக்கிறதே என்று அரசாங்கம் அதைத் திருப்பித் தராது. வரி கட்டாதவருக்கு நீங்கள் எத்தனை கழிவு கொடுத்தாலும் கழிப்பதற்கு ஒன்றும் இல்லை.

இப்போது மாதம் 12,000 ரிங்கிட் வாங்கும் ஒருவரைப் பாருங்கள். அவருக்கும் இரண்டு பிள்ளைகள். ஆண்டு வருமானம் 144,000. தனிநபர் கழிவு 9,000, சேமநிதிக்கு உச்சவரம்பான 4,000, பிள்ளைகளுக்கு 4,000 போனால் 127,000. மற்ற சில்லறைக் கழிவுகளை விட்டு விடுகிறேன். அவருடைய கடைசி ரிங்கிட்டுக்கு 25 விழுக்காடு வரி. இசை வகுப்புக்கு ஆண்டுக்கு 1,200 கட்டி, அதைக் கழிவாகக் காட்ட முடிந்தால் அவருக்கு 300 ரிங்கிட் மிச்சம். இதே கணக்கில் மாதம் 6,000 வாங்குபவருக்கு 132. நம்முடைய லோரித் தம்பிக்கு ஒரு காசும் இல்லை. மூவரும் ஒரே ஆசிரியருக்கு ஒரே 100 வெள்ளியைத்தான் கட்டுகிறார்கள்!

இதைச் சட்டத்தின் ஓட்டை என்று நினைக்காதீர்கள். வரிக்கழிவு எதற்குக் கொடுத்தாலும் இப்படித்தான் வேலை செய்யும். யாருக்கு வரி விகிதம் அதிகமோ அவருக்கு உதவியும் அதிகம். அந்த 12,000 ரிங்கிட்காரர் 300 ரிங்கிட் கிடைக்காவிட்டாலும் பிள்ளையைப் பியானோ வகுப்பிலிருந்து நிறுத்தப் போவதில்லை. அவர் ஏற்கெனவே செய்கிற செலவுக்கு அரசாங்கம் பங்கு போடுகிறது, அவ்வளவுதான்.

நண்பர் சொன்ன ஒரு விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. விளையாட்டுக்கு இருக்கும் மரியாதை இசைக்கு இல்லை. இன்றைக்கு நம் நாட்டில் இருக்கும் வாழ்க்கைமுறைச் சலுகையின் வரம்பு 2,500 ரிங்கிட். புத்தகம், நாளிதழ், கணினி, கைத்தொலைபேசி, இணையக் கட்டணம் எல்லாம் அதற்குள்தான். 2024 வரி மதிப்பீட்டு ஆண்டிலிருந்து தனித்திறன் மேம்பாட்டுப் பயிற்சிக் கட்டணத்தையும் அதே பெட்டிக்குள் சேர்த்தார்கள். நமக்காகவோ, துணைவருக்காகவோ, பிள்ளைக்காகவோ செய்த செலவைக் காட்டலாம். இசை வகுப்புக்கு இடம் தேடுவதென்றால் அங்கேதான் தேட வேண்டும். ஆனால் இணையத்துக்கு மாதம் 120 என்றால் ஆண்டுக்கு 1,440. மீதி 1,060-ஐ ஒரு கைத்தொலைபேசி விழுங்கி விடும். பெட்டி நிரம்பி விட்டது. வயலினுக்கு இடமில்லை. விளையாட்டுக்கோ அதே 2024-லிருந்து 1,000 ரிங்கிட் தனிப்பெட்டி. பயிற்சிக் கட்டணமும் அதில் சேரும். பூப்பந்து பயிற்சிக்குத் தனிப்பெட்டி, மிருதங்கத்துக்குக் கைத்தொலைபேசியோடு பங்கு. நண்பருக்குக் கோபம் வந்ததில் தப்பே இல்லை. அவர் கேட்பது இசைக்கும் ஒரு தனிப்பெட்டி. நான் கேட்பது, அந்தப் பெட்டியைத் திறக்கும் சாவி யார் கையில் இருக்கும் என்பதுதான்.

இதே வழியில் நமக்கு முன்னால் நடந்து போய்த் திரும்பி வந்த ஒரு நாடு இருக்கிறது. கனடா. அங்கேயும் விளையாட்டுதான் முதலில். 2007-இல் பிள்ளைகளின் உடற்பயிற்சி வகுப்புகளுக்கு வரிச் சலுகை கொடுத்தார்கள். இசை, நடனம், ஓவியம் கற்பிக்கும் பெற்றோர் எங்களுக்கு எங்கே என்று கேட்டார்கள். 2011-இல் கலைக்கும் தனியாகக் கொடுத்தார்கள். 16 வயதுக்குக் குறைந்த ஒரு பிள்ளைக்கு 500 டாலர் வரை செலவைக் காட்டலாம். அதில் 15 விழுக்காடு, அதாவது அதிகபட்சம் 75 டாலர் வரியில் குறையும். எல்லாருக்கும் ஒரே விழுக்காடு என்பதால் நம்முடைய முறையை விட அது நியாயமானது. இருந்தும் வரி கட்டாத குடும்பத்துக்கு அந்த 75 டாலரும் இல்லை.

விதிகளும் வேடிக்கையானவை. வாரம் ஒருமுறையாவது, குறைந்தது எட்டு வாரம் தொடர்ந்து நடக்கும் வகுப்பாக இருக்க வேண்டும். கணவன் மனைவிக்குக் கட்டிய கட்டணம் செல்லாது. பள்ளிப் பாடங்களுக்கான டியூஷனும் 'கலை' என்ற அந்தப் பெயருக்குள் வந்து விட்டது! நம் ஊரில் அப்படி ஒரு வழி திறந்தால் எத்தனை பேர் வீணைக்குக் காட்டுவார்கள், எத்தனை பேர் கணிதத்துக்குக் காட்டுவார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

உடற்பயிற்சிச் சலுகை வந்து மூன்று ஆண்டு கழித்து, 2010-இல், ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெற்றோர்களிடம் விசாரித்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதன் தலைப்பிலேயே பணக்காரர் மேலும் பணக்காரராகிறார் என்று எழுதி விட்டார்கள். வருமானம் குறைந்த பெற்றோர்களுக்கு அப்படியொரு சலுகை இருப்பதே அவ்வளவாகத் தெரியவில்லை. பிள்ளை ஏற்கெனவே வகுப்புக்குப் போய்க் கொண்டிருந்த வீடுகளுக்குத்தான் அது போய்ச் சேர்ந்தது. 2016-இல் ஆட்சியிலிருந்தவர்கள் இரண்டு சலுகைகளையும் பாதியாகக் குறைத்தார்கள். 2017-இல் இரண்டும் இல்லாமல் போயின. அதே 2016-இல், குடும்ப வருமானம் குறையக் குறையக் கூடுதலாகக் கிடைக்கும் குழந்தை நலத் தொகையைக் கொண்டு வந்தார்கள்.

அதே நாட்டில் கியூபெக் மாநிலம் மட்டும் வேறு மாதிரி யோசித்தது. 2013-இல் அவர்கள் கொண்டு வந்த சலுகையில் செலவில் 20 விழுக்காடு கணக்கு. குடும்ப வருமானம் ஒரு வரம்புக்கு மேல் போனால் கிடையாது. முக்கியமான வேறுபாடு, வரி கட்டாதவருக்கும் அந்தப் பணம் கையில் வந்து சேரும். வரிச் சலுகை வேண்டும் என்றே நண்பர் பிடிவாதம் பிடித்தால், குறைந்தபட்சம் இதைக் கேளுங்கள் என்பேன்.

ஆனால் அதிலும் எனக்கு முழுத் திருப்தி இல்லை. லோரித் தம்பி ஜனவரியில் பணம் கட்டுகிறார். அடுத்த ஆண்டு பாரம் அனுப்பி, வாரியம் பார்த்து, பணம் வந்து சேரப் பதினைந்து, பதினாறு மாதம் ஆகும். அவருக்குப் பிரச்சினை அடுத்த ஆண்டு ஏப்ரல் இல்லை. இந்த மாதம் 25-ஆம் தேதி.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2019-இல் வரிப் பக்கமே போகாமல் பற்றுச்சீட்டு கொடுத்தது. பள்ளி செல்லும் பிள்ளைக்கு ஆண்டுக்கு 100 டாலர். இசை, நாடகம், ஓவியம், மொழி என்று எதற்காவது பதிவு பெற்ற ஆசிரியரிடம் கொடுத்தால் கட்டணத்தில் கழித்துக் கொள்வார். பெற்றோர் கையிலிருந்து முதலில் பணம் போக வேண்டியதில்லை. எல்லாருக்கும் கொடுத்ததில் செலவு கட்டுக்கடங்காமல் போகவே, 2024 பிப்ரவரியில் மாற்றினார்கள். இப்போது 50 டாலராக ஆண்டுக்கு இரு முறை; அரசின் குடும்ப உதவித் தொகை பெறும் குறைந்த, நடுத்தர வருமானக் குடும்பங்களுக்கு மட்டும். விளையாட்டுக்கும் கலைக்கும் ஒரே சீட்டு, எதற்கு என்பது குடும்பத்தின் விருப்பம்.

நம் நாட்டுக்கு இது புதிதா? இல்லை. 2012-இல் உயர்கல்வி மாணவர்களுக்கு 200 ரிங்கிட் புத்தகப் பற்றுச்சீட்டு கொடுத்தார்கள். அதைப் பாதி விலைக்கு விற்றுக் காசாக்கிக் கொண்டவர்களும் உண்டு, மறைப்பதற்கில்லை. அதற்குப் பிறகு நாமும் கற்றுக் கொண்டோம். இன்றைக்குச் 'சாரா' உதவி மைகாட் அட்டை வழியாக வருகிறது. கடையில் அட்டையை வைத்தால் அரிசியும் மாவும் வாங்கலாம், மதுபானம் வாங்க முடியாது. அதே அட்டையில் பிள்ளையின் பெயரில் ஆண்டுக்கு 300 ரிங்கிட் இசைக்கும் கலைக்கும் என்று போட முடியாதா? 12,000 ரிங்கிட்காரருக்கு வரியில் விட்டுக் கொடுக்கத் தயாராக இருந்த அதே 300-ஐத்தான் கேட்கிறேன். நம்மவர்களுக்கு மட்டும் கேட்கவில்லை. கெமெலான் கற்கும் மலாய்ப் பிள்ளைக்கும், எர்ஹு வாசிக்கும் சீனப் பிள்ளைக்கும், சரவாக்கில் சாப்பே மீட்டும் பிள்ளைக்கும் சேர்த்துத்தான்.

நடுத்தர வர்க்கத்தை மறந்து விட்டேனா என்று நண்பர் கேட்பார். மறக்கவில்லை. மாதம் 6,000 வாங்கி, வீட்டுக்கடன், கார்க்கடன், பிரத்தியேக வகுப்பு எல்லாம் போக மாதக் கடைசியில் கையைப் பிசைபவர்கள்தான் என் வாடிக்கையாளர்களில் பாதிப்பேர். அவர்களுக்கும் பாதி மதிப்பிலாவது சீட்டு கிடைக்கட்டும். 132 ரிங்கிட் வரி குறைவதை விட அது மோசமாக இருக்காது.

இப்போது நம் இசையாசிரியர்களிடம் கொஞ்சம் கசப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. வரிச் சலுகையோ பற்றுச்சீட்டோ, எது வந்தாலும் முதலில் கேட்கப்படும் கேள்வி, 'உங்கள் பதிவு எண் என்ன?' என்பதுதான். பெரிய இசைப் பள்ளிகளுக்கு எண் இருக்கிறது. மாதாமாதம் கணினி ரசீது வருகிறது. நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் கற்பதோ வீட்டு வரவேற்பறையில், கோயில் மண்டபத்தில். ஆசிரியர் நல்லவர், வித்துவம் உள்ளவர். ஆனால் பதிவு கிடையாது, ரசீது கிடையாது. ரசீது கொடுத்தால் வரி வாரியம் பிடித்துக் கொள்ளும் என்று பயம். சொல்கிறேன் கேளுங்கள். மாதம் பத்துப் பதினைந்து பிள்ளைகளை வைத்து ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு சம்பாதிப்பவருக்கு, வேறு வருமானம் இல்லையென்றால், நான் மேலே போட்ட கணக்கின்படி வரியே வராது. பயந்து பயந்து நாம் எழுத்தில் இல்லாதவர்களாகவே இருந்து விட்டோம். நாளைக்கு அரசாங்கம் உண்மையிலேயே பணம் ஒதுக்கினால் அது எழுத்தில் இருப்பவர்களிடம்தான் போகும். என்னுடைய லோரித் தம்பியின் வயலின் டீச்சருக்கு ஒரு வெள்ளி போகாது.

ரசீதே இல்லாத இசையும் நம்மிடம் இருக்கிறது. கோயில்களில் இலவசமாகத் தேவாரம் சொல்லிக் கொடுக்கிறார்கள். மலேசிய இந்து சங்கம் நடத்தும் திருமுறை ஓதும் போட்டிக்கு நாடு முழுவதும் பிள்ளைகள் தயாராகிறார்கள். பண்ணும் தாளமும் பல வீடுகளுக்கு அந்த வழியாக மட்டுமே வந்திருக்கின்றன. அப்புறம் உறுமி மேளம். அந்தப் பையன்கள் யாருக்கும் மாதக் கட்டணம் கட்டவில்லை. அண்ணன்மார் அடிப்பதைப் பார்த்துப் பழகியவர்கள். எந்தப் பாரத்திலும் அது இசை வகுப்பு என்று வராது. அந்தக் குழுக்களைப் பற்றி நல்லது கெட்டது பல பேசுகிறோம். அவர்களுக்கு ஓர் ஆசிரியரை அமர்த்திக் கொடுக்க வேண்டும் என்று பேசியவர்கள் குறைவு.

நேரம் முடிகிறது என்று நெறியாளர் கை காட்டுகிறார். இரண்டு நிமிடம் கொடுங்கள்.

அந்த வயலின் பிள்ளைக்கு என்ன ஆனது என்று சொல்லாமல் போனால் நீங்கள் விட மாட்டீர்கள். வயலின் பிள்ளையோடு சேர்ந்து வளராது. சின்ன அளவு, அரை அளவு, முக்கால் அளவு என்று மாற்றிக் கொண்டே போக வேண்டும். அவள் அரை அளவில் தொடங்கினாள். ஆறாம் ஆண்டு வந்ததும் கை நீண்டு விட்டது. அடுத்த அளவு வாங்க வேண்டும் என்று டீச்சர் சொன்ன அதே மாதம் லோரி பழுதாகி இவருக்கு ஓட்டம் குறைந்தது. அடுத்த ஏப்ரலில் வந்தபோது அவர் 555 புத்தகத்தை எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. பாரம் எழுதி முடித்து எழும்போது அவராகவே சொன்னார்: "பிள்ளை நின்னுட்டா அக்கா. படிப்பு இருக்குல்ல."

வெனிசுவேலாவில் 1975-இல் ஹோசே அந்தோனியோ அப்ரேயு என்பவர் ஏழைப் பிள்ளைகளுக்காக இசைக் குழுக்களைத் தொடங்கியபோது வாத்தியத்தையும் ஆசிரியரையும் சேர்த்தே கொடுத்தார். அரசாங்கப் பணத்தில் அது நாடெங்கும் பரவியது. அவ்வளவு பெரிதாக நாம் யோசிக்க வேண்டாம். ஒரு தமிழ்ப்பள்ளியில், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பொறுப்பில், நான்கு வயலினும் இரண்டு மிருதங்கமும் இரவல் கொடுக்க ஓர் அலமாரி இருந்திருந்தால், அந்தப் பிள்ளை அரை அளவைத் திருப்பிக் கொடுத்து முக்கால் அளவை எடுத்துப் போயிருப்பாள். அதற்கு நாடாளுமன்றத்தில் சட்டம் தேவையில்லை.

போன ஏப்ரலில் அந்தத் தம்பி தொலைபேசியில் அழைத்தார். அந்த அரை அளவு வயலின் இன்னும் வீட்டில் அலமாரி மேல்தான் இருக்கிறதாம். விற்க மனம் வரவில்லையாம். "யாராவது சின்னப் பிள்ளை கத்துக்குதுன்னா சொல்லுங்க அக்கா, சும்மாவே குடுத்துடறேன்" என்றார். உங்களில் யாருக்காவது தேவை என்றால் நிலையத்துக்கு எழுதுங்கள், நான் சொல்லி விடுகிறேன். பிள்ளைக்கு எட்டு, ஒன்பது வயதுக்குள் இருந்தால் சரியாக இருக்கும்.